கேஸ் போட்ட தேதிகள்

1996ல் எனக்கு 17 வயசு. மாஸ்டரோடு ஹெல்பராகத் திருவல்லிக்கேணியில் அந்த ஒயின் ஷாப்புக்கு முதல் தடவை போனேன். பாட்டில் கூலர் கூலிங் ஆகவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். கூலரைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினோம். உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும் கம்பிக்கூடுதான் கண்டென்சர். ஆம்லெட் புகையும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அதன்மேல் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. "டேய், இது மூச்சு விடவே இல்லடா" என்று சொல்லி மாஸ்டர் பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். குழாய்க்குள் ஓடிக் குளிர வைக்கும் கேஸைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரம் சுத்தம் செய்ததில் கூலிங் வந்துவிட்டது.

ஒயின் ஷாப் என்று பேர்தானே தவிர, அங்கே ஒயின் பாட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. பிராந்தி, ரம், பீர்தான். பின்னால் பார். மரப் பெஞ்சு, கண்ணாடி டம்ளர், சுண்டல், அவித்த முட்டை, மாங்காய் கீற்று. மேன்ஷனில் தங்கியிருக்கும் பேச்சிலர்கள், அச்சாபீஸ் ஆட்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாம் வருவார்கள். யாரும் அவசரப்பட்டுப் பார்த்ததில்லை. ஓனர் கல்லாவிலேயே இருப்பார். ரிப்பேர் என்றால் அன்றைக்கே வேலை நடக்க வேண்டும், அன்றைக்கே காசும் வந்துவிடும். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்றாலும் முகம் சுளிக்க மாட்டார். கடை அவருடையது, மெஷினும் அவருடையது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருந்து பிரெடரிக் டியூடர் என்பவரின் கம்பெனி கப்பலில் ஐஸ் கட்டி கொண்டுவந்து சேமித்துவைக்க 1842ல் கட்டிய கட்டடம் அது. 1897ல் விவேகானந்தர் அங்கே தங்கினார், இப்போது விவேகானந்தர் இல்லம். கூலிங்குக்காகக் கடல் தாண்டி ஐஸ் வந்திறங்கிய பேட்டையில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

2003 நவம்பர் 29ம் தேதி முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனது. எங்கள் கடையில் இடையே ஒரு சுவர் எழுந்தது. முன்பக்கம் கம்பி ஜன்னல் வைத்த அரசுக் கடை, பின்பக்கம் டெண்டர் எடுத்தவரின் பார். சட்டப்படி பாருக்குச் சரக்கு விற்கும் உரிமை கிடையாது. தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டிலைச் சேகரிக்கலாம். அதற்குத்தான் டெண்டர். பழைய ஓனர் தன் கூலரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 2005ல் பார்க்காரர் ஒருவர் தண்ணீரும் சோடாவும் வைக்க ஆர்134ஏ கேஸில் ஓடும் சிவப்புக் கூலர் ஒன்றை வாங்கிப் போட்டார். டெண்டர் கைமாறும்போதெல்லாம் மேஜை நாற்காலியோடு அதுவும் கைமாறியது.

கூலரில் கேஸ் தீர்ந்துபோகாது. பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை அது, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, உலோகத்தை உருக்கி ஒட்டி (பிரேசிங்), குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து (வேக்யூம்), அப்புறம்தான் கேஸ் ஏற்ற வேண்டும். ஒரு முழு நாள் வேலை, காசும் கூட. ஆனால் பாரில் எனக்குக் கிடைத்த பதில் எப்போதும் ஒன்றுதான். "டெண்டர் முடியப் போகுது தம்பி, கேஸ் மட்டும் போட்டு விட்டுடு."

நானும் போட்டேன். பல தடவை போட்டேன். அது தப்பு என்று கை வைக்கும்போதே தெரியும். மாஸ்டர் இருந்திருந்தால் ஓட்டையை அடைக்காமல் கேஸ் பாட்டிலைத் திறக்கவே விட்டிருக்க மாட்டார். அவர் கண் பார்வை மங்கி ஊருக்குப் போய்விட்டிருந்தார். எனக்கு அப்போது வாடகைக் கடை, இரண்டு குழந்தைகள்.

கூலருக்கு மட்டும் இந்தக் கதி என்று இல்லை. சின்க் உடைந்தால் கயிறு கட்டினார்கள். கழிவறைக் கதவு போனபோது கோணி தொங்கியது. பெஞ்சு போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, அதுவும் போய் நின்றுகொண்டே குடிக்கும் மேடை வந்தது. குடிக்கிற இடத்துக்கு இது போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க மூட்டை தூக்கியவரும் அங்கே வருகிறார். உட்கார ஒரு பெஞ்சும் நல்ல தண்ணீரும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அத்தனை மாற்றத்திலும் மாறாமல் இருந்தவர் சப்ளையர் அண்ணன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நான் முதல் தடவை போன அன்றைக்குத் தண்ணீர் ஊற்றிய கை அவருடையது. புது பார்க்காரர் வந்தால் கூலரோடு சேர்த்து அவரும் புது ஆளின் கணக்கில் வருவார். என் ரிப்பேர் பாக்கியும் அவருடைய கடைசி மாசச் சம்பளமும் ஒரே ஆளிடம் இரண்டு தடவை மாட்டிக்கொண்டன, இருவருக்கும் வந்து சேரவில்லை. ஆனாலும் வாரம் ஒரு தடவை பழைய பல் பிரஷ்ஷால் கண்டென்சரைத் தேய்த்து வைப்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. 2012ல் சென்னையில் தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்த சமயம், கரண்ட் போனதும் கூலர் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கரண்ட் வந்ததும் உடனே ஸ்விட்சைப் போடாமல் ஐந்து நிமிஷம் பொறுப்பார். குழாய்க்குள் அழுத்தம் இறங்குவதற்குள் ஓடவிட்டால் கம்ப்ரசர் திணறிக் கருகிவிடும் என்று ஒரே தடவை சொல்லியிருந்தேன். அந்தக் கோடையில் நான் மாற்றிய கம்ப்ரசர்களுக்குக் கணக்கில்லை. இந்தக் கூலர் மட்டும் தப்பித்தது.

2016 மே மாசம் கடை திறக்கும் நேரம் காலை 10லிருந்து பகல் 12 ஆனது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை. பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் போய், சில மாசம் கண்ணாடி டம்ளர் திரும்பி வந்தது. "பழைய நாள் மாதிரி இருக்குல்ல தம்பி" என்று அண்ணன் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

2020 மார்ச்சில் எல்லாம் மூடியது. அண்ணன் ஊருக்குப் போனார். சென்னையில் ஆகஸ்ட் 18ம் தேதிதான் கடைகள் திறந்தன, பாருக்கு அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தியே வைத்திருந்ததால் உள்ளே பூஞ்சை, கதவு ஓரத்து ரப்பர் (கேஸ்கெட்) முழுக்கக் கறுப்பு. அவர் கையில் விட்டிருந்தால் கதவில் ஒரு கட்டையைச் சொருகித் திறந்து வைத்திருப்பார். அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. போன் நம்பர் வாங்கி வைக்காமல் போனது இன்றும் உறுத்துகிறது.

2023 ஜூன் 22ம் தேதி தமிழகம் முழுக்க 500 கடைகள் மூடப்பட்டன. அதில் எங்கள் கடையும் ஒன்று. கூலரை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வாய் என்று பார்க்காரர் கேட்டார். பையனைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிப் பார்த்தேன்.

கேஸ் போட்டால் பின்னால் மார்க்கரில் தேதி எழுதும் பழக்கம் எங்களுக்கு உண்டு. முதல் தேதி 2007, மாஸ்டர் கையெழுத்து, பக்கத்தில் "லீக் அடைத்தது" என்று குறிப்பு. அடுத்தது நான்கு வருஷம் கழித்து, என் கையெழுத்து. அப்புறம் ஒரு வருஷம். அப்புறம் எட்டு மாசம், ஐந்து மாசம், மூன்று மாசம். எல்லாம் என் கையெழுத்துதான், எதன் பக்கத்திலும் குறிப்பு இல்லை.

கண்டென்சர் மட்டும் அடியில் ஒரு பக்கம் இன்னும் பளபளவென்று இருந்தது. அங்கே கம்பிக்கிடையில் பல் பிரஷ் ஒன்று சொருகியிருந்தது. அதை எடுத்து டூல்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டேன். பையனிடம் டார்ச்சைக் கொடுத்து, ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன்.