திருந்தாத மனிதரை எழுதுவது

கடைசிப் பக்கத்தில் அப்பா அழுது மன்னிப்புக் கேட்டால்தான் கதை நிறைவாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல நல்ல கதைகள் அங்கேதான் செத்துப்போகின்றன.

புதன், சனி, ஞாயிறு என்று நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலுக்காகவே வாழும் ஓர் அப்பாவை எடுத்துக்கொள்வோம். அவர் திருந்தப் போவதில்லை. அப்படியானால் ஏறவேண்டியது இழப்பு. முதலில் 10 வெள்ளிப் பணம், அடுத்து மகளின் பள்ளி முகாமுக்கு வைத்திருந்த பணம், பிறகு அடகுக் கடையில் மனைவியின் சங்கிலி. ஒரே தொகையை மூன்று தடவை தோற்றால் வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார்.

திருந்த உண்மையான வாய்ப்பை இரண்டு முறையாவது கொடுங்கள். மறுக்கும் காரணம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கட்டும், அவருக்கு நியாயமாகப் படட்டும். "உங்களுக்காகத்தானே வாங்குறேன்" என்று மனதாரச் சொல்லட்டும். அவரைத் திட்டப் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பாதீர்கள். அது எழுத்தாளரின் குரல் என்று உடனே தெரிந்துவிடும். சின்ன வயது வறுமையை விளக்கமாகச் செருகுவதும் அப்படித்தான்.

மாற்றம் மகளிடம் நடக்கட்டும். தொடக்கத்தில் அப்பாவோடு உட்கார்ந்து சீட்டைச் சரிபார்ப்பவள், சம்பளம் வாங்கத் தொடங்கியதும் வங்கி அட்டையின் ரகசிய எண்ணை மாற்றுகிறாள். பிறகு, முடிவைப் பார்க்கச் சொல்லி அவர் கைப்பேசியை நீட்டும்போது தட்டு கழுவப் போய்விடுகிறாள். எங்கும் ஒரு சண்டைகூட வேண்டாம்.

எழுதி முடித்ததும் வசனங்களை மட்டும் தனியே படியுங்கள். அப்பாவின் முதல் காட்சி வரியைக் கடைசிக் காட்சியில் வைத்தாலும் பொருந்தவேண்டும். மகளின் வரி பொருந்தவே கூடாது.