மக்காச்சோளமும் பத்து நாள் கணக்கும்

ஆகஸ்ட் 15, 2025, வெள்ளி

டெக்சாஸில் இந்த வருஷத்து வேட்டை லைசென்ஸ் விற்பனை இன்று தொடங்கியது. ஆஸ்டினில் அலுவலகம் போகும் வழியில் கடையில் நின்று வாங்கிவிட்டேன். லைசென்ஸ் 25 டாலர். புறா வலசைப் பறவைக் கணக்கில் வருவதால் அதற்கு மேல் 7 டாலருக்கு இன்னொரு அனுமதி. கவுன்ட்டரில் இருந்த பெண் போன வருஷம் எத்தனை புறா சுட்டீர்கள், எத்தனை வாத்து, எத்தனை கூஸ் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் பூஜ்யம். அந்தக் கேள்விகள் கட்டாயமாம்.

புறா வேட்டைக்கு அழைத்தது பக்கத்து வீட்டுப் பெரியவர். பிரௌன்வுட் பக்கம் அவருக்குத் தாத்தா காலத்து நிலம் இருக்கிறது. செப்டம்பர் 1 அன்று மோர்னிங் டவ் என்ற புறாவுக்குச் சீசன் திறக்கும். இங்கே அது கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. வேட்டைப் பயிற்சிச் சான்றிதழை ஜூனிலேயே வாங்கிவிட்டேன். வீட்டில் அரை மனதாகச் சம்மதம். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பெரியவர் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றுதான். "சுடுவதற்கு நான் சொல்லித் தருகிறேன். தீனிச் சட்டத்தை நீயே படி. அதை யாரும் இன்னொருவருக்காகப் படிக்க முடியாது."

அவர் சொன்னது ஏனென்று மதியத்துக்குள் புரிந்தது. உப்பு, தானியம், வேறு எந்தத் தீனியானாலும் சரி, அதைப் போட்ட, கொட்டிய, தூவிய இடம், வேட்டைக்காரன் நிற்கிற பக்கம் பறவையை இழுக்குமானால் அது 'தீனி போட்ட பகுதி'. அங்கே சுடக்கூடாது. தீனி போட்டது யார் என்பது கேள்வியே இல்லை. தெரிந்து சுட்டாலும் குற்றம், விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் சுட்டாலும் குற்றம்.

இந்த இரண்டாவது பாதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. விசாரித்தும் தெரியாதவன் தப்பலாம் என்ற இந்தச் சலுகைகூடப் பல காலம் நாட்டின் பல பகுதிகளில் கிடையாது. தீனி கிடந்ததா, நீ சுட்டாயா, அபராதம் கட்டு, அவ்வளவுதான். டெக்சாஸ், லூசியானா பக்கத்து ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் மட்டும் 1978-இல், தெரிந்துகொள்ள வழியே இல்லாதவனைத் தண்டிப்பது எப்படி என்று யோசித்தது. 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி அதையே நாடு முழுக்க ஆக்கியது. அதே கையோடு அபராதத்தின் உச்சவரம்பை 500 டாலரிலிருந்து 15,000 டாலருக்கு ஏற்றிவிட்டார்கள். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பிறர் சுடுவதற்காகத் தீனி போடுகிறவனுக்கு ஒரு வருஷம் வரை.

இனி குழப்பமான இடம். தரையில் தானியம் கிடப்பது குற்றமில்லை. அது எப்படி அங்கே வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வயலில் அறுவடை செய்யும்போது சிந்தியதா? தாராளமாகச் சுடலாம். கோதுமை விதைத்திருக்கிறீர்களா? விவசாய விரிவாக்கத் துறை சொல்கிற அளவில், சொல்கிற பருவத்தில் விதைத்திருந்தால் சரி. ஒரே இடத்தில் குவித்திருந்தால் விதைப்பு என்ற பேச்சு எடுபடாது. விளைந்த சூரியகாந்தியை அறுவடையே செய்யாமல் டிராக்டரை ஓட்டி நொறுக்கிவிட்டிருந்தாலும் புறாவுக்குச் சரி, ஏனென்றால் விதை விளைந்த மண்ணிலேயே விழுந்திருக்கிறது. அதே விதையை மூட்டையில் கொண்டுவந்து அதே வயலில் கொட்டினால் குற்றம். பறவைக்கு இரண்டும் ஒன்றுதான், பாவம்.

வாத்துக்கு இன்னும் கடுமை. அறுவடைக்கு முன்பே நொறுக்கிய பயிர் மேல் வாத்தைச் சுடக்கூடாது. செப்டம்பரில் டீல் என்ற சின்ன வகை வாத்துக்குத் தனியாக ஒரு சின்ன சீசன் வரும். நொறுக்கிய சூரியகாந்திக் கொல்லையில் புறாவைச் சுட்டுக்கொண்டிருப்பவன் தலைக்கு மேலே டீல் கூட்டம் போனால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 23, சனி

விடியற்காலை கிளம்பி இரண்டரை மணி நேர ஓட்டத்தில் பிரௌன்வுட். நிலம் முழுக்க மெஸ்கீட் மரம், நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளி. முள்ளும் அதே முள். மாடு தண்ணீர் குடிக்கிற குட்டையை இவர்கள் 'டேங்க்' என்கிறார்கள். வெள்ளைக்காரன் நம் ஏரிகளுக்கு வைத்த பெயர். அதை இங்கே பெரியவர் வாயில் கேட்டபோது ஏனோ சிரிப்பு வந்தது.

சூரியகாந்திக் கொல்லையில் போன வாரமே நான்கு பட்டைகள் நொறுக்கிவிட்டிருந்தார். அதில் நடந்தால் காலுக்குக் கீழே விதை நொறுங்குகிறது. ஓரமெல்லாம் டவ் வீட் என்ற களை, ஆமணக்குக் குடும்பம். புறாவுக்கு அதன் விதை என்றால் உயிர். எல்லாம் பிரமாதம்.

அப்புறம் டேங்க் கரையைச் சுற்றி நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். நாங்கள் நிற்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 250 கஜம் தள்ளி, சீடார் புதருக்குப் பின்னால், மூன்று கால் வைத்த ஒரு டிரம். மான் ஃபீடர். அடியில் பேட்டரி, டைமர், சுழல் தட்டு. காலையும் மாலையும் தானாகச் சுற்றி மக்காச்சோளத்தை வட்டமாக வீசும். மான் வேட்டைக்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் முன்கூட்டியே வந்து நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். தனியார் நிலத்தில் மானுக்கு இப்படித் தீனி போடுவது டெக்சாஸில் முழுக்கச் சட்டப்படியே சரி. பிரச்சினை என்னவென்றால், இது மானுக்கு என்று புறாவுக்குத் தெரியாது.

குனிந்து பார்த்தேன். மண் வெடிப்புக்குள் மஞ்சள் மணிகள் பல்வரிசைபோலச் செருகியிருந்தன. சிலவற்றின் முளைமுனையை மட்டும் ஏதோ ஒன்று கொறித்துவிட்டு மிச்சத்தை விட்டிருந்தது. பக்கத்து மண்ணில் மூன்று விரல் தடங்கள்.

பெரியவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதை எழுதவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராத்திரி அங்கேயே தங்கிவிட்டோம். பெரியவர் குத்தகைக்காரர்களுக்குப் போன் செய்தார். அவர்கள் மன்னிப்புக் கேட்டு, எடுத்துவிடுங்கள் என்றார்கள். அடுத்து அந்த வட்டாரத்து கேம் வார்டனுக்கு, அதாவது வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கிற அதிகாரிக்குப் போன். எத்தனை அடி தள்ளி இருந்தால் பரவாயில்லை என்று கேட்டதற்கு, சட்டத்தில் அடிக்கணக்கு இல்லை, பறவை எந்த வழியாகப் போய் வருகிறது என்று பாருங்கள் என்றாராம். பார்த்தோம். ஃபீடரில் தின்றுவிட்டுக் கொல்லைக்கு மேலே பறந்து தண்ணீருக்கு வருகின்றன. நாங்கள் நாற்காலி போட நினைத்த இடம் அந்த வழியின் நட்டநடுவில்.

காலை முழுக்கச் சுத்தம் செய்தோம். டிரம்மைக் காலி செய்து மூட்டை கட்டினோம். மேலே கிடந்ததை வாரியால் கூட்டி அள்ளினோம். வெடிப்புக்குள் இருந்ததுதான் உயிரை எடுத்தது. ஜெனரேட்டரைக் கொண்டுவந்து தொழிற்சாலை வாக்குவம் போட்டு இழுத்தோம். கடைசி ஒரு மணி நேரம் இருவரும் மண்டியிட்டுக் கையால் பொறுக்கினோம். சின்ன வயதில் பாட்டியோடு களத்தில் சிந்தின நெல்லைப் பொறுக்கியதற்குப் பிறகு இப்போதுதான். முதுகு அன்றைக்கு இப்படி வலிக்கவில்லை.

தீனியை முழுசாக அகற்றிய பிறகும் பத்து நாள் அந்த இடம் தீனி போட்ட பகுதியாகவே இருக்கும். பழகிய பறவை வந்துகொண்டுதான் இருக்கும் என்பது காரணம். இன்று 24. விரலை மடக்கி எண்ணினால் செப்டம்பர் 3 வரை. சீசன் திறக்கும் நாள் போயிற்று.

"ஃபீடரை நாம் பார்க்காமலே இருந்திருந்தால்?" என்று வண்டியில் கேட்டேன்.

"நம் நிலத்தில், 250 கஜத்தில். நாம் நடந்தே போகவில்லை என்று நீதிபதியிடம் நீ சொல்லிப் பார்" என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

லேபர் டே விடுமுறை. வீட்டில் இருந்தேன். பெரியவர் மனம் கேட்காமல் நிலத்துக்குப் போய்த் துப்பாக்கி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் பட்டாசு மாதிரி வெடிக்கிறது என்று செய்தி அனுப்பினார்.

இன்று இன்னொரு நாளும் கூட. 1914-இல் இதே செப்டம்பர் 1 அன்றுதான் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் மார்த்தா செத்தது, உலகின் கடைசிப் பாசஞ்சர் பிஜன். ஒரு காலத்தில் வானத்தை மறைத்துப் பறந்த புறா. தானியமும் உப்பும் போட்டுத் தரைக்கு இழுத்து, வலையை வீசி, பீப்பாய் பீப்பாயாகச் சந்தைக்கு அனுப்பினார்கள். வலசைப் பறவைச் சட்டம் 1918-இல் வந்தது. வாத்து வேட்டையில் தீனிக்கும், பழக்கிய உயிருள்ள வாத்தை வைத்து மற்ற வாத்துகளை இழுப்பதற்கும் தடை வந்தது 1935-இல்தான். சட்டத்தில் தானியத்துக்கு முன்னால் உப்பு எதற்கு என்று போன வாரம் யோசித்தேன். இந்தக் கதையைப் படித்த பிறகு யோசிக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

போனோம். முதலில் நடந்தோம், டேங்கை முழுசாக ஒரு சுற்று, கொல்லையை ஒரு சுற்று. ஃபீடர் இருந்த இடத்தில் எறும்புப் புற்றுதான் இருந்தது.

மாலை ஐந்துக்குப் பறவைகள் வரத் தொடங்கின. மோர்னிங் டவ் பறக்கும்போது சிறகு விசிலடிக்கும். சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் தாண்டிப் போய்விடும். 22 தோட்டா, 4 புறா. பெரியவருக்கு 9. ஆளுக்கு 15 வரை அனுமதி, நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஏழு மணி வாக்கில் வார்டன் வந்தார். லைசென்ஸைப் பார்த்தார். துப்பாக்கியில் மூன்றாவது தோட்டாவுக்கு மேல் போகிறதா என்று தள்ளிப் பார்த்தார். கொல்லைக்குள் நடந்து சூரியகாந்தித் தட்டையைக் காலால் புரட்டினார். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வண்டியின் பின்பலகையில் வைத்துப் பறவைகளைச் சுத்தம் செய்தோம். கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைக் கீறிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் பெரியவர். முதல் மூன்றிலும் டவ் வீட் விதை, வரிவரியாகச் சூரியகாந்தி, கொஞ்சம் மணல். நான்காவது கெட்டியாக இருந்தது. கீறியதும் மஞ்சள். மக்காச்சோள மணிகள், ஆறு, இன்னும் ஊறக்கூட இல்லை.

பெரியவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கிழக்கு வேலிப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் வேறு ஒருவர் நிலம். கடைசி அரை மணி நேரம் பறவைகள் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன.

சூரியன் மறைய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இருவரும் துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டோம். நாளை காலை பெரியவர் பக்கத்து நிலத்துக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறார். நானும் கூடப் போகிறேன்.