வெயிலில் நின்றவர்களுக்கு நன்றி

சேர் காலமானதும் நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு என்னையும் எழுதச் சொன்னது. அவருடைய விஞ்ஞான பாடத்தைப் பற்றியும் பிரம்பைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பரிசளிப்பு விழாவைப் பற்றி எழுதுகிறேன்.

பிரதம விருந்தினராக யாரைக் கூப்பிடுவது என்று ஆசிரியர் அறையில் வருடாவருடம் நடந்த சண்டையை ஜன்னலோரம் நின்று கேட்காதவர் நம்மில் யார்? முன்பெல்லாம் அரசாங்க அதிபர், அவர் இல்லாவிட்டால் கல்விப் பணிப்பாளர், அதோடு பட்டியல் முடிந்துவிடும். 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபை திருகோணமலையில் வந்து உட்கார்ந்த பிறகு ஊரில் செயலாளர்கள் பெருகிவிட்டார்கள். ஒருவரைக் கூப்பிட்டால் இன்னொருவருக்கு முகம் கறுக்கும். கட்டடத்துக்குக் காசு தரக்கூடியவரே வேண்டும் என்பது பள்ளிக்கூட அதிபர் கட்சி. சேர் தனிக்கட்சி. “பேசத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ. இல்லாட்டி பேசாமல் இருக்கத் தெரிஞ்ச ஆளையாவது கூப்பிடுங்கோ” என்பார். ஒரு வருடமும் அவர் பக்கம் வென்றதில்லை.

நான் சிரேஷ்ட மாணவ தலைவனாக இருந்த வருடம் வந்தவர் ஒரு பெரிய அதிகாரி. பெயர் வேண்டாம். சொன்ன நேரத்துக்கு மேளகாரர் வந்தார்கள், மாலை வந்தது, குத்துவிளக்குத் திரிகூட எண்ணெயில் ஊறிவிட்டது. ஆளைக் காணவில்லை. பாலர் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் கடதாசிக் கொடியோடு இரண்டு வரிசையாக நின்றார்கள். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். சேரின் மனைவி, நமக்கெல்லாம் ஆனா ஆவன்னா சொல்லித் தந்த டீச்சர், வாளியும் எனாமல் கோப்பையுமாக வரிசை நெடுக நடந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடிச் சாயம் வியர்வையில் கரைந்து பிள்ளைகளின் கையெல்லாம் பச்சை. ஒருவழியாகப் பஜேரோ வந்து நின்றது. வந்தவர் மேடையேறி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். தலைப்பு, ஒழுக்கமும் நேரந்தவறாமையும்.

நன்றியுரை என்னுடையது. எழுதித் தந்தவர் சேர். பிரதம விருந்தினர் அவர்களே என்று தொடங்குவதுதானே வழக்கம்? சேரின் தாளில் முதல் வரி இப்படி இருந்தது: “காலையிலிருந்து வெயிலில் நின்ற பாலர் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு முதல் நன்றி.” வாசித்தேன். பின்வரிசையில் பெற்றார் கைதட்டினார்கள். விருந்தினர் எழுந்து வந்து, என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி, “தம்பி, இதை எழுதித் தந்த ஆளுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லும்” என்றார். முன்வரிசை சிரித்தது. மிச்சத்தை வாசிப்பதா இறங்குவதா என்று தெரியாமல் தாளோடு நின்றேன். சேர் மேடையோரத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த தவணை அவருக்குக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் மூதூருக்கு இடமாற்றம். காரணம் எழுதப்படவில்லை. விடிய லோஞ்ச் படகு, பின்னேரம் லோஞ்ச் படகு. கடல் கொந்தளித்தால் அங்கேயே படுக்கை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, மூதூருக்குத் தரைவழியே போவது இலேசானபோது அவர் ஓய்வுபெற்றிருந்தார். நானும் எப்போதோ ஊரை விட்டிருந்தேன்.

போன வருடம் மகளின் பட்டமளிப்பு எடின்பரோவில், 1897இல் திறந்த மக்கியூவன் மண்டபத்தில் நடந்தது. பட்டம் பெறும் ஒவ்வொருவரின் தலையிலும் ஒரு பழைய தொப்பியால் மெல்லத் தட்டுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக்காரர் ஜோன் நொக்ஸின் களுசான், அதாவது காற்சட்டை, துணியில் தைத்தது என்று ஒரு கதை. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த விண்வெளி வீரர் பியர்ஸ் செல்லர்ஸ் 2006இல் விண்வெளிக்குக் கொண்டுபோய் வந்த சின்னம் ஒன்றையும் பிறகு அதில் தைத்திருக்கிறார்களாம். யாரோ ஒருவருடைய களுசானைத் தலையில் வாங்கவா இவ்வளவு காசு கட்டினோம் என்றேன். மனைவி முறைத்தாள். பேச வந்தவர் நேரத்துக்கு வந்து, சுருக்கமாகப் பேசி, உட்கார்ந்துவிட்டார். சேருக்குப் பிடித்திருக்கும்.

பாலம் வந்த பிறகு ஒரு தடவை உப்புவெளி வீட்டில் அவரைப் பார்க்கப் போனேன். அன்றைய கூத்தைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. “உன்ர பட்டமளிப்புக்கு யார் வந்தது?” என்று கேட்டார். பேச வந்த பிரபுவின் பெயரைச் சொன்னேன்.

“அவரை ஆர் கேட்டது? வீட்டில இருந்து ஆர் வந்தது?”

அம்மாவுக்கு வீசா கிடைக்கவில்லை என்றேன். அம்மா அப்போதே இல்லை என்பது அவருக்கும் தெரியும். பேராதனையில் தான் பட்டம் வாங்கிய நாளில் தன் அப்பா கடையைப் பூட்ட மனமில்லாமல் வராமல் விட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். டீச்சர் உள்ளேயிருந்து, “அந்தக் கதையை விடுங்கோ, பிள்ளை சாப்பிடட்டும்” என்றார்.

இங்கே நடக்கும் அடுத்த வருட ஒன்றுகூடலுக்குப் பிரதம விருந்தினர் யார் என்று சங்கம் சில பெயர்களைச் சுற்றுக்கு விட்டிருக்கிறது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், ஒரு வைத்தியர், மண்டபச் செலவை ஏற்கக்கூடிய ஒரு வியாபாரி. நான் டீச்சரின் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன். அவர் மேடையில் பேசமாட்டார், அது பிரச்சினையில்லை. அழைப்புக் கடிதத்தைச் செயலாளர் இந்த மாதமே எழுதினால்தான் வீசாவுக்கு நேரம் காணும். டிக்கெட்டை நான் போடுகிறேன்.