உருவ வராத கும்மியா

மொராக்கோவின் மராகேஷ் கடைத்தெருவில் கும்மியா என்ற பழைய குத்துவாள் ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, சரக்கென்று உருவிப் பார்ப்பது. வராது. மூச்சைப் பிடித்து இன்னொரு இழுப்பு. பிடி மட்டும் தனியாக வரும். அப்புறம் விலை பேசுவது கடைக்காரர் மட்டும்தான்.

(கும்மிப் பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மொராக்கோ ஆண்கள் மரபாகத் தோளில் குறுக்கே போட்ட கயிற்றில், இடப்பக்கம் தொங்கவிடும் வளைந்த குத்துவாள் இது. உறையின் இரு ஓரத்திலும் உள்ள வளையங்கள் அந்தக் கயிற்றுக்குத்தான்.)

உறைக்குள்ளே இருப்பது மரம். மேலே தெரிவது வெறும் தகட்டுப் போர்வை. ஈரம் ஏறினால் மரம் உப்பும். அலகு துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். உடனே தேங்காய் எண்ணெயைத் தேடாதீர்கள், மரம் அதைக் குடித்துவிடும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு வாரம், பத்து நாள் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். பிறகு வளைவின் போக்கிலேயே ஒவ்வொரு நூலாக நகர்த்த வேண்டும். நேராக இழுத்தால் முனை உள்மரத்தில் குத்தி நிற்கும். உறையின் விளிம்பைச் சுற்றி விரல் போட வேண்டாம். பழைய இணைப்பைப் பிளந்துகொண்டு அலகு வரும், விரல் எதிரே இருக்கும்.

வெளியே வந்த பிறகுதான் ஜாதகம் தெரியும். நல்ல பழைய அலகு பிடியருகே நேராக வந்து, பிறகு வளைந்து, முனைப்பக்கம் இருபுறமும் கூராக இருக்கும். சுற்றுலாச் சரக்கு என்றால் தகரத்துண்டு, வெண்ணெயைக்கூட நசுக்கத்தான் செய்யும். உறையில் காந்தம் ஒட்டினால் அடியில் இரும்பு. ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்று துள்ள வேண்டாம், பித்தளையிலும்தான் ஒட்டாது. முன்பக்கம் வெள்ளியும் பின்பக்கம் பித்தளையுமாக இருந்தால் ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள். பின்பக்கம் அங்கியோடு ஒட்டிக் கிடப்பது, அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

நேரான அலகுள்ள தம்பி ஒன்று உண்டு, ஸ்பூலா. ஐரோப்பிய ஆயுதப் புத்தகங்களில் ஒருவர் இதை ஜான்சிபார் வாள் என்று எழுதிவைக்க, பின்னால் வந்தவர்கள் பார்த்து எழுதினார்கள். பிறந்தது மொராக்கோவில். ஒரு கண்டத்தையே குறுக்கே தாண்டிவிட்டது, டிக்கெட் இல்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கண்டம்: வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி என்று யாராவது தயாராக நிற்பார்கள். செதுக்கலின் பள்ளத்தில் உள்ள கறுப்புதான் பூவேலையை எடுத்துக்காட்டுகிறது. அதைத் தேய்த்து எடுத்தால் எவர்சில்வர் கரண்டி மாதிரி ஆகிவிடும். சஹாராவின் துவாரெக் மக்கள் இடது முன்கையில் கட்டும் தெலெக் என்ற குத்துவாளின் தோலுறையில் பச்சைக் களிம்பு வரும். தோலின் கொழுப்பும் பித்தளையும் சேர்ந்து செய்வது அது. மரப் பல்குச்சியால் சுரண்டினால் போதும். தோல் காய்ந்திருக்கிறதே என்று எண்ணெய் தடவினால் களிம்புக்குத் தீபாவளி.

அலகில் மெல்லிசாக மெழுகு தடவி, உறையைத் தனியாக வையுங்கள். இரண்டிலும் ஒரே எண் எழுதிய சீட்டைப் பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். எல்லாம் கைவேலை, ஒன்றின் உறை இன்னொன்றுக்குச் சேராது. சீட்டில்லாமல் ஆறு கத்தி, ஆறு உறையோடு ஜோடி சேர்க்க உட்கார்ந்தால், நாலாவது தப்பான உறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் டப்பா எங்கே என்று தேட வேண்டியதுதான்.