பாசி எடுத்த கை

"இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?" பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் பற்றிப் பயிற்சி கொடுக்கப் போகும் கம்பெனிகளில் எல்லாம் கேட்கிறார்கள். எம்பிஏ என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

பாம்பன் சின்னப்பாலத்தில் அம்மா கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும்போது விரல்களில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொள்வார். அப்படியும் பாறை கிழிக்கும். எடை போடுகிற வியாபாரி ஈரம், மண் என்று இரண்டு கிலோ கழிப்பார். அப்பா கொண்டுபோனால் மட்டும் அந்த ஈரம் எப்படியோ காய்ந்திருக்கும்!

போன வாரம் ஊரில், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013 சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடம் என்றாலும் புகார் கொடுக்க மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு என்றேன்.

"ராம்நாடு போகணுமா? ஒருநாள் பாடு போயிருமே" என்றார் ஒரு மதினி.

சரி, பஸ் நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.