பிளேட்லெட் குறைவாக இருந்தாலும் ரத்தம் கட்டும்

ரத்தத்தை உறைய வைக்கிற அணுவான பிளேட்லெட் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் நம் கண் ரத்தக்கசிவை மட்டும்தான் தேடும். முழங்காலில் கன்றல், காலில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளி, பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம். என் மகளுக்கு இருப்பது எவன்ஸ் சிண்ட்ரோம், உடம்பே தன் சிவப்பணுக்களையும் பிளேட்லெட்டையும் சேர்த்து அழிக்கிற நோய். இதே குழந்தைக்கு ரத்தம் உறைந்து குழாயை அடைக்கவும் கூடும் என்று டாக்டர் சொன்னபோது, “பிளேட்லெட்டே இல்லையே, எதை வைத்து உறையும்?” என்று கேட்டுவிட்டேன்.

வினை சிவப்பணு உடைவதில் இருக்கிறது. குழாய்க்குள்ளேயே அது உடைந்தால் ஹீமோகுளோபின் வெளியே கொட்டி, குழாயைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைத் தின்றுவிடும். குழாய் இறுகும், மிச்சமிருக்கிற பிளேட்லெட் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், போதாக்குறைக்கு உடைந்த அணுவின் சவ்வில் உள்பக்கம் இருக்க வேண்டிய கொழுப்பு வெளியே வந்து உறைதலைத் தூண்டும். எண்ணிக்கை குறைவு என்பது பாதுகாப்பு இல்லை.

சிகிச்சையும் தன் பங்குக்குச் சேரும். ஐவிஐஜி (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) ரத்தத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கும், மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாயில் போட்ட குழாயை, அதாவது லைனை, சுற்றி ரத்தக்கட்டு வரலாம், மண்ணீரலை எடுத்த பிறகு கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடலாம். சில குழந்தைகளுக்கு, ரத்தம் உறைவதைத் தூண்டக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகளும் இருக்கும். அதில் ஒரு வகை, லேப் குழாயில் ரத்தம் உறைவதைத் தாமதமாக்கிக் காட்டிவிட்டு உடம்புக்குள் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், ஏனென்றால் சாதாரணத் தொற்றுக்குப் பிறகுகூட அது வந்து போகும்.

சரி, எதைக் கவனிப்பது? ஒரு கால் மட்டும் அல்லது ஒரு கை மட்டும் வீங்கி வலிப்பது. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. வாந்தியோடு விடாத தலைவலி (பிளேட்லெட் குறைந்த பிள்ளைக்கு மூளையில் கசிவு என்றாலும் இதேதான், இரண்டையும் ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும்). மண்ணீரல் எடுத்த குழந்தைக்கு வயிற்றுவலி. பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்கு ரத்தம் கட்டுவது அரிதுதான், அதற்காக வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம், ஆஸ்பிரினும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

ரத்தக்கட்டு வந்துவிட்டால் டாக்டர்களுக்கே தலைவலி. பிளேட்லெட் 50,000க்குக் கீழே இருக்கும்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை முழு அளவில் கொடுக்கத் தயங்குவார்கள், கொடுக்காமலும் விட முடியாது. அதனால் அவசரப் பிரிவில் நுழைந்ததும் “பிளேட்லெட் குறைவு” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சிவப்பணுவும் உடைகிறது, லைன் இருக்கிறது, கடைசியாக ஐவிஐஜி எப்போது ஏறியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.