கோமுகத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்

கோமுகம் என்றதும் பசுவின் வாய் மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு பனிக்குகை, அதிலிருந்து பளிங்காகப் பொங்கி வரும் கங்கை என்றுதான் நினைத்திருந்தேன். காலண்டர் படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. நேரில் பார்த்ததோ சாம்பலும் கறுப்புமாக ஓர் அழுக்குச் சுவர். அதன் அடியிலிருந்து சிமெண்ட் கரைத்த நிறத்தில் தண்ணீர். கையில் மாமியார் கொடுத்தனுப்பிய செப்புச் சொம்பு. இதையா மொண்டு போவது என்று ஒரு நிமிஷம் தயங்கி நின்றேன்.

முதல் நாள் கங்கோத்ரியில் நல்ல தரிசனம். அட்சய திருதியைக்கு நடை திறந்தால் தீபாவளி வரைதான். பிறகு அம்பாளை முக்பா கிராமத்துக்கு எழுந்தருளப் பண்ணிவிடுவார்கள். கோயிலை ஒட்டிப் பகீரதன் தவம் செய்ததாகச் சொல்லும் பாறை. கங்கை இறங்கும் வேகத்தைப் பூமி தாங்காது என்று சிவபெருமான் சடையில் முடிந்துகொண்டு, கொஞ்சமாக அவிழ்த்துவிட்ட கதையைப் பண்டா, அதாவது அங்குள்ள தீர்த்த புரோகிதர், ராகம் போட்டுச் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, கங்கோத்ரியிலேயே தங்கிவிட்டார். நான் மட்டும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, கூட வந்த கட்வாலிப் பையனோடு கிளம்பினேன். கோமுகம் வரை சுமார் 18 கிலோமீட்டர். சீர்பாசாவில் பைன் மரங்கள். அதற்கப்புறம் மரம் குறைந்து வெறும் கல்லும் காற்றும். போஜ்பாசாவில் சுடச்சுடக் கிச்சடி. அதன் ருசியை எழுத இன்னொரு பதிவு வேண்டும்.

மறுநாள் காலையில்தான் பள்ளத்தாக்கின் வடிவம் கண்ணில் பட்டது. பஸ்ஸில் வரும்போது பைரோங்காட்டிப் பக்கம் ஆறு மலையைக் கத்தியால் கீறினாற்போல் ஒடுங்கி ஓடியது. இங்கே அடி அகன்று, இரு பக்கமும் செங்குத்தாக, தொட்டி மாதிரி. ஆறு அறுத்தால் ஒடுங்கும், கட்டிப் பனியே மெல்ல நகர்ந்து வரும் பனியாறு அறுத்தால் அகலும். கோமுகம் அப்படியொரு பனியாற்றின் முகப்பு. ஒரு காலத்தில் இந்தப் பனி கங்கோத்ரியையும் ஹர்சிலையும் தாண்டி இறங்கியிருந்ததாம். அப்படியென்றால் நான் நடந்த வழி முழுக்கப் பனிக்கு அடியில் கிடந்த தரை!

வழியோரம் ஒரு பாறை வழவழவென்றிருந்தது. அதன் மேல் ஒரே திசையில் கீறல்கள், சீப்பால் வாரிவிட்ட மாதிரி. ஒன்றில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது.

சௌகம்பா சிகரத்துச் சரிவுகளில் விழும் பனி கோடையிலும் முழுதாகக் கரைவதில்லை. அதன் மேல் அடுத்த வருஷத்துப் பனி, அதற்கும் மேல் இன்னொன்று. பாரம் ஏற ஏற இடையிலுள்ள காற்று பிதுங்கி, பஞ்சுபோல் விழுந்தது சர்க்கரைப் பொருக்காகி, கடைசியில் நீலம் பாய்ந்த கட்டியாக இறுகுகிறது. கனம் ஓர் அளவைத் தாண்டினால் கட்டிப் பனியும் ஆறிய வெல்லப்பாகு போல நகரும். அடியில் உருகிய நீர் இருந்தால் வழுக்கவும் செய்யும். நாளுக்குச் சில விரற்கடை இருந்தால் அதிகம். சுமார் 30 கிலோமீட்டர் நீளம் இந்தப் பனியாறு. மேலே விழுந்த பனி கோமுகத்துக்கு வந்து சேரப் பல நூறு வருஷம் ஆகும்.

சும்மாவும் வருவதில்லை. பாறையைப் பெயர்த்து அடிவயிற்றில் பதித்துக்கொண்டு, அதையே குழவியாக்கி மலையை அரைத்தபடி வருகிறது. வழியில் பார்த்த கீறல்கள் அப்படி விழுந்தவைதான். அந்த மாவுதான் தண்ணீரின் சாம்பல் நிறம். மேலே விழுந்து கிடக்கும் கல்லும் மண்ணும்தான் அந்தப் பனிச்சுவரின் அழுக்கு. பண்டா சொன்ன சடை எனக்கு அங்கேதான் புரிந்தது. எண்ணெய் காணாத, புழுதி படிந்த, திரிதிரியான சடைதானே சன்னியாசியின் சடை! காலண்டர்க்காரர்தான் ஷாம்பூ போட்டுவிட்டார்.

"மாதாஜி, பஸ், ஆகே நஹீ" (போதும்மா, இதுக்கு மேல வேண்டாம்) என்று பையன் கையைப் பிடித்து நிறுத்தினான். சொல்லி வாய் மூடவில்லை, சுவரிலிருந்து வீடளவு கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. முதலில் விழுந்ததைப் பார்த்தேன், சத்தம் பிறகு வந்தது. பெயர்ந்த இடத்தில் மட்டும் சுத்தமான நீலம். 1935-லிருந்து இந்த முகப்பை அளந்து வருகிறார்கள். அன்று இருந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. எனக்குப் பிறகு வருகிறவர்கள் இன்னும் தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

நின்ற இடத்திலேயே விழுந்து கும்பிட்டேன். பையன்தான் ஓரமாக இறங்கிச் சொம்பை நிரப்பித் தந்தான்.

கும்பகோணம் வந்ததும் மாமியார் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்து, "என்னடி, குட்டைத் தண்ணி மாதிரி இருக்கு?" என்றார். இரவு முழுக்க அப்படியே வைத்தோம். விடிந்தபோது மேலே தெளிந்து, அடியில் சாம்பலாக ஒரு படலம். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், நெருநெருப்பே இல்லை. நான் வடிகட்டத் துணி எடுத்து வந்தேன். "அதை உள்ளே வை" என்று சொல்லிவிட்டு, டம்ளரை ஒரு கலக்குக் கலக்கித் தீர்த்தமாக எடுத்துக்கொண்டார்.